பத்துக்கு ரெண்டு என்று சொன்ன வலி

வார்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

முதலில் நீங்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும். சொன்னதையே திரும்பச் சொல்வேன், நடுவில் மறந்தும் போவேன். போன மாதம் உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "புதுப் பிள்ளைங்க வந்திருக்காங்க, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்றார்கள். வந்தேன். நீங்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தீர்கள். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தாம்பரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுதும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை.

பெட்ஷீட் மாற்றுவது, உடம்பு துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது, காதில் விழுகிற விஷயத்தைப் பற்றி.

பெண்கள் சர்ஜரி வார்டில் வேலை செய்தால் ஒன்று சீக்கிரம் புரிந்துவிடும். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாப் பெண்களும் நன்றாகத்தான் இருப்பார்கள். "எப்படிம்மா இருக்கீங்க?" "நல்லாருக்கேன் டாக்டர்." வயிற்றில் கத்தி வைத்த மறுநாள்கூட நல்லாருக்கேன்தான். அவர்களைப் பொறுத்தவரை அது மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்பது போல. டாக்டர் அந்தப் பக்கம் போனதும் நாம் ஸ்கிரீனை இழுத்து மறைத்துத் துணி மாற்றுவோம் இல்லையா, அப்போது வரும் உண்மை. "யம்மா, உசுரு போகுதும்மா." அந்த உண்மை நம்மிடம்தான் முதலில் வரும். நாம் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நம்மிடம் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் நாம் யோசிக்க வேண்டும்.

நான் ஆயாவாக வேலை பார்த்த காலத்தில் எங்கள் வார்டில் ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். பேரை எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதவில்லை. ஒல்லியாக இருப்பார், சத்தமாகப் பேச மாட்டார். வயிற்று ஆபரேஷன் ஆன யாரைப் பார்த்தாலும், "எங்க, கொஞ்சம் இருமு" என்பார். ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்வார். நான் வேலைக்கு வந்த புதிதில், எதுக்கு இந்த அம்மா எல்லாரையும் இருமச் சொல்லுது, சளி கட்டாமல் இருக்கவா என்று நினைத்தேன். அதற்கும்தான். ஆனால் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "அசையாம படுத்திருக்கறப்ப எல்லா வயிறும் நல்ல வயிறுதான். இருமறப்ப மூஞ்சியப் பாரு. வாய் மறைக்கிறத மூஞ்சி மறைக்காது."

நான் சொல்லப் போகிற சம்பவம் நடந்தபோது மயக்க மருந்துப் படிப்புப் படிக்கிற ஒரு டாக்டர் பெண் எங்கள் வார்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய பேரும் வேண்டாம். சின்னப் பெண்தான். கண்ணாடி போட்டிருப்பார், சாப்பிட்டாரா என்று கேட்டால்தான் சாப்பிடவில்லை என்பது அவருக்கே ஞாபகம் வரும். படிப்பு முடிக்க ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டுமாம். வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி தெரியாமல் இருக்க நரம்பு வழியாக ஏற்றுகிற மருந்துகளில் இரண்டை எடுத்துக்கொண்டு, எது நன்றாகக் கேட்கிறது, எது குறைவாகத் தொந்தரவு கொடுக்கிறது என்று பார்ப்பது. ஒன்று நாம் காய்ச்சலுக்கு மாத்திரையாகப் போடுகிற பாரசிட்டமால், அதையே டிரிப்ஸாக ஏற்றுவது. இன்னொன்று டிரமடால். இரண்டுமே எங்கள் வார்டில் தினமும் கொடுக்கிற மருந்துதான், புதிது ஒன்றும் இல்லை.

ஆனால் யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். பார்மஸியில் இருந்து பாட்டில்கள் வெள்ளைக் காகிதம் சுற்றி வரும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். நோயாளிக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கே தெரியாது. பார்மஸியில் ஒருவருக்கு மட்டும் தெரியும். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அவர் எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், அவராகவே சொன்னார். அப்படிப்பட்ட பெண்.

சேருகிறவர்களிடம் எல்லாவற்றையும் தமிழில் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் சேர்த்தார். "வலி இல்லன்னா பூஜ்ஜியம். தாங்கவே முடியலன்னா பத்து. நான் அப்பப்ப வந்து கேட்பேன். நாலுக்கு மேல போச்சுன்னா உடனே சொல்லுங்க, வேற ஊசி போட்டுடுவோம். யாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்." இதை நான் என் காதால் கேட்டேன்.

அந்தச் சமயம் ஜன்னலோரம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர். ஒருவர் ஸ்டெல்லா டீச்சர். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் வீடு. குடலில் அடைப்பு வந்து கொஞ்சம் வெட்டி எடுத்திருந்தார்கள். இன்னொருத்தி கலைவாணி. கீழ்க்கட்டளையில் தள்ளுவண்டியில் டிபன் கடை போடுகிறவள். கர்ப்பப்பையில் பெரிய கட்டி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். இரண்டு பேருமே அந்த ஆராய்ச்சியில் இருந்தார்கள்.

டீச்சருக்கு வாந்தி. அதோடு வலியும். டாக்டர் பெண் வந்து கேட்டால் டீச்சர் கண்ணை மூடி யோசித்து, திருத்தமாகச் சொல்வார்: "எட்டு. எட்டுன்னா எட்டுதான். அரை மார்க்கூடக் குறைக்க மாட்டேன்." உடனே அவருக்கு வேறு ஊசி போடுவார்கள். கலைவாணியிடம் போனால், "ரெண்டு கண்ணு" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். அடுத்த முறையும் ரெண்டு. அதற்கு அடுத்த முறையும் ரெண்டு.

மறுநாள் சாயங்காலம் பார்க்க வருகிறவர்கள் நேரம். டீச்சரின் வீட்டுக்காரர் பிளாஸ்கோடு வந்திருந்தார். கலைவாணிக்கு அவள் நாத்தனார் துணைக்கு இருந்தாள். அந்த இரண்டு பேருக்கும் நடந்த பேச்சை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு வார்டே சிரித்தது.

"சார், உங்க ஊட்டம்மாவுக்கு அந்த பாட்டில மாத்தச் சொல்லுங்க சார். எங்க அண்ணி பாட்டில் சூப்பரு. ரெண்டு, ரெண்டு, ரெண்டுன்னு சொல்லிகினு எப்புடிக் கீறாங்க பாருங்க."

"இது பாட்டில் விஷயம் இல்லம்மா, சயின்ஸ். நம்ம இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"இன்னா சயின்ஸோ. பாவம் வாந்தி எடுத்து எடுத்து மூஞ்சே சுண்டிப் போச்சு. நாளைக்கு எங்க அண்ணி இட்லி சுடப் போயிரும், நீங்க இங்கயே பிளாஸ்க்கைத் தூக்கிகினு நிப்பீங்க."

"அவங்க சொல்றதும் சரிதாங்க" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "எனக்கு ஃபெயிலான பாட்டில் வந்திருக்கு."

சார் எழுந்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றுகொண்டார். போனில் என்னென்னவோ படித்துவிட்டு வந்திருந்தார் போல, மருந்தை மாற்றினால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டியூட்டி நர்ஸ் டீச்சருக்கு வாந்திக்கு ஊசி எடுக்கப் போயிருந்தாள். எல்லார் கண்ணும் அந்தக் கட்டில் மேலேயே இருந்தது. கலைவாணிக்கு நாடி கொஞ்சம் வேகமாக ஓடுகிறது என்று நர்ஸ் மத்தியானமே கவனித்துச் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு டாக்டர்கள் ஒருமுறை வந்தும் பார்த்தார்கள். ஆனால் வலி ரெண்டுதான் என்கிறாள், பிரஷர் பரவாயில்லை, வார்டும் புழுக்கமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று இருந்தார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. நன்றாக இருக்கிறேன் என்கிறவளை விட்டுவிட்டு, முடியவில்லை என்கிறவளிடம் ஓடுவதுதான் மனுஷ இயல்பு.

கலைவாணிக்குத் துணி மாற்ற வேண்டிய நேரம் அது. நாத்தனாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஸ்கிரீனை இழுத்தேன். முதுகு தெப்பலாக நனைந்திருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன். ஒரு பக்கமாகப் புரட்டினேன். அவள் என் தோளைப் பிடித்தாள். பிறகு என் தோளில் வாயை வைத்துக் கடித்துவிட்டாள். சட்டைக்கு மேலேதான், ஆனாலும் நன்றாகவே பட்டது.

"தப்பா நெனைக்காத யக்கா" என்றாள். "கத்திடுவேனோன்னு பயந்து போச்சு."

"ஏம்மா, ரெண்டுன்னுதானே சொன்னே?"

"அது அந்தப் பொண்ணுக்காகச் சொன்னது."

எனக்குப் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "எனக்கு ஊசி போட்டாங்கன்னா அது கொண்டாந்த மருந்து தோத்துப் போச்சுன்னு ஆயிரும்ல? டீச்சரம்மா ஏற்கனவே எட்டு எட்டுன்னு சொல்லிகினு கீது. நானும் சொன்னா அது எப்புடி பாஸாகும்? தியேட்டர்ல முதுகுல ஊசி போடறப்ப பயத்துல ஒதறிட்டேன் யக்கா. அந்தப் பொண்ணுதான் என் கையப் பிடிச்சுகினே நின்னுச்சு. பெத்த பொண்ணாட்டம். அதுக்கு நான் இதக்கூட செய்ய மாட்டேனா?"

"எவ்வளவும்மா வலிக்குது?"

"இன்னிக்குக் காலையிலேருந்து ரொம்ப. வயிறு கல்லாட்டம் கீது. தோள்பட்டைகூடக் குத்துது, வண்டி தள்ற கையில்ல, அதான். யக்கா, யாராண்டையும் சொல்லிராத. சத்தியம் பண்ணு. அந்தப் பொண்ணுக்கு மார்க் போயிரும்."

நான் சத்தியம் பண்ணவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "படும்மா" என்றேன். ஈரத் துணியைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பிள்ளைகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம்மிடம் நோயாளிகள் எத்தனையோ சொல்வார்கள். வீட்டுக்காரன் அடிப்பது, மருமகள் வந்து பார்க்காதது, தாலியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு இருப்பது. நான் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வருவேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. இந்த ஆயாகிட்ட சொன்னா வெளியே போகாது என்று பேர் எடுத்திருந்தேன். இதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று அழுக்குத் துணி அறை வரைக்கும் யோசித்தேன். அவள் ஆசைப்பட்டுத் தாங்குகிறாள், பிரியத்தில் செய்கிறாள், நாம் யார் அதைக் கெடுக்க என்றும் தோன்றியது. அதோடு நான் டாக்டர்களிடம் பேசிப் பழக்கம் இல்லாதவள். கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

துணியைத் தொட்டியில் போட்டேன். தோளில் கடித்த இடம் எரிந்தது. பிரசவ வலியில் கத்தாத பெண்களையும் பார்த்திருக்கிறேன். பிரியத்துக்காக ஒருத்தி எவ்வளவு தாங்குவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் எதைத் தாங்குகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரிந்தவரிடம் போக வேண்டிய பேச்சு இது என்று பட்டது. வீட்டுக் கதையாக இருந்தால் அவளுடையது. உடம்பைப் பற்றியது என்றால் நான் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைத்தேனா என்று தெரியாது. இப்போது எழுதும்போது இப்படி வருகிறது.

சிஸ்டர் இன்னும் டீச்சர் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். நான் அப்படிப் போய் நிற்கிறவள் இல்லை. சிஸ்டர் என்னைப் பார்த்ததும், "சார், ஒரு நிமிஷம்" என்று அவரை நிறுத்திவிட்டார். கேட்டதை எல்லாம் சொன்னேன். கடித்ததையும் சொன்னேன், தோள்பட்டை குத்துகிறது என்றதையும் சொன்னேன். தோள்பட்டை என்றதும் சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வண்டி தள்ளுகிற கை என்று நானும்தான் நினைத்திருந்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. ஓடவில்லை, ஆனால் நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

கட்டிலருகே போனதும் குரலில் ஒன்றுமே காட்டவில்லை.

"என்ன கலைவாணி, கொஞ்சம் இருமு பாக்கலாம்."

"தண்ணியே குடுக்காம இருமச் சொன்னா எங்கேருந்து சிஸ்டர் இருமறது?" என்று சிரித்தாள்.

"சும்மா ஒரு தடவை. தலையணையப் பிடிச்சுக்கோ."

இருமப் பார்த்தாள். சத்தமே வரவில்லை. தொண்டையில் தொடங்கியது அங்கேயே நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். சிஸ்டர் வயிற்றில் லேசாகக் கை வைத்தார், கையைப் பிடித்து நாடி பார்த்தார், கண் இமையை இறக்கிப் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, பிரஷரைத் திரும்பப் பார்க்கச் சொல்லி, சர்ஜனையும் மயக்க மருந்து டாக்டரையும் உடனே வரச் சொன்னார். எல்லாம் அந்த மெல்லிய குரலில்தான்.

டாக்டர் பெண் ஓடி வந்தார். கையில் வலியைக் காட்டச் சொல்லிக் கேட்கிற, சிரிக்கிற முகமும் அழுகிற முகமும் வரைந்த அட்டை. வழக்கப்படி முதல் கேள்வி வாயில் வந்துவிட்டது. "அம்மா, வலி பத்துக்கு எத்தனை?"

கலைவாணி அவரைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை வழிந்து காதுக்குள் போகிறது. "ரெண்டு கண்ணு" என்றாள்.

நான் சிஸ்டரைப் பார்த்தேன், அவர் சொல்லட்டும் என்று. அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். "நான் சொன்னா கேள்விப்பட்டது. நீதான் கேட்டவ."

கட்டிலைச் சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள். நாத்தனார், நர்ஸ், டீச்சர் வீட்டுக்காரர். கலைவாணி என்னையே பார்க்கிறாள், வேண்டாம் என்று கண்ணால் சொல்கிறாள்.

"பொய் சொல்லுது டாக்டர்" என்றேன். "உங்களுக்காகச் சொல்லுது. நீங்க பாஸாகணுமாம்."

"யக்கா!" என்றாள் கலைவாணி. அவ்வளவு வலியிலும் கோபம் வந்தது பாருங்கள். "உன்ன நம்பிச் சொன்னேன் பாரு, என் வாய்லதான் போட்டுக்கணும்."

டாக்டர் பெண் அந்த அட்டையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். அது கீழே விழுந்தது, எடுக்கவில்லை. குனிந்து அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். "அம்மா, என்னைப் பாருங்க. உங்க வலியில நான் பாஸாக வேண்டாம். நிஜமாச் சொல்லுங்க."

கலைவாணி அழுதாள். அழுததுதான் பதில்.

நாத்தனார் கத்த ஆரம்பித்தாள். "எல்லாம் அந்த பாட்டிலாலதான்! டீச்சரம்மாவோடத இவங்களுக்குப் போடுங்க! வலிக்குதுன்னா ஊசி போட வேண்டியதுதானே, இன்னாத்துக்கு நின்னு பாத்துகினு கீறீங்க?" கொஞ்ச நேரம் முன்னால் சூப்பர் பாட்டில் என்றவள்தான். பயத்தில் பேசினாள், பாவம்.

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊசி போடத்தான் போறோம்மா. வலியோட விட மாட்டோம். ஆனா ஊசி போட்டு, வலி அடங்கிடுச்சுன்னு நாம எல்லாரும் நம்ம வேலையப் பாக்கப் போயிடக் கூடாது. உங்க அண்ணிக்கு இது மருந்து பத்தலன்னு வர்ற வலி இல்ல. உள்ள ஏதோ நடக்குது, அதச் சொல்ற வலி."

பிள்ளைகளா, வலியை அடக்குவது ஒன்று, வலி என்ன சொல்கிறது என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டால் இன்னொன்று முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். படித்தவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். அந்தச் சாயங்காலம் வார்டு முழுக்க பாட்டிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நானும் ஸ்கிரீனை இழுக்கும்வரை அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சர்ஜன் வந்து பார்த்தார். உள்ளே ரத்தம் கசிகிறது, திரும்பத் திறக்க வேண்டும் என்றார். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் தோள்பட்டையிலும் குத்துமாம். பிரஷர் அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. ரத்தத்துக்கு ஆள் ஓடினார்கள். டாக்டர் பெண் பார்மஸிக்குப் போன் போட்டார். இந்த அம்மாவுக்கு எந்த மருந்து போயிருக்கிறது என்று உடனே சொல்லுங்கள், திரும்ப மயக்கம் கொடுக்கணும், எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். அப்படித் தெரிந்துகொண்டால் கலைவாணியை ஆராய்ச்சியில் வைத்திருக்க முடியாதாம். அந்தப் பெண் அதற்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மறுமுனையில் சொன்ன பேரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டார். நான் டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். என் காதில் அது விழுந்துவிட்டது.

சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். "காதுல விழுந்தத இங்கயே விட்டுடு" என்றார். "மத்தவங்க இன்னும் அந்த ஆராய்ச்சியிலதான் இருக்காங்க. தெரிஞ்சா நாளைக்கே ஆளாளுக்கு நம்பர் மாத்திச் சொல்லுவாங்க."

ஒரே சாயங்காலத்தில் ஒரு ரகசியத்தைச் சொல் என்றார், இன்னொன்றைச் சொல்லாதே என்றார். எனக்கு அது ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது என்று நினைக்கிறேன்.

கலைவாணியைத் தள்ளிக்கொண்டு தியேட்டர் வாசல் வரை நான்தான் போனேன். வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததும் டாக்டர் பெண் உள்ளேயிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது மட்டும், "நீயே வந்துட்டியா" என்றாள். என்னிடம் இல்லை.

அவள் வீட்டுக்காரர் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில் மாட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து அப்புறம்தான் வந்தார். தியேட்டர் வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "காலையில போன்ல நல்லாத்தாங்க கீறேன்னு சொல்லுச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். போனிலும் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். வார்டில் ஸ்டெல்லா டீச்சர் வாந்திக்கு நடுவில் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் தியேட்டர் வாசலுக்கு வந்து பிளாஸ்கில் இருந்த காபியை அந்த மனுஷனுக்கு ஊற்றிக் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் ஒரு மூலையில் சத்தமில்லாமல் நின்றாள்.

சர்ஜன் வெளியே வந்து, ஒரு ரத்தக் குழாயில் போட்ட கட்டு நழுவியிருந்தது, எவ்வளவு நன்றாகப் போட்டாலும் சில சமயம் அப்படி ஆகும், பிடித்துக் கட்டிவிட்டோம் என்றார். "இன்னும் கொஞ்சம் லேட்டாப் பாத்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

கலைவாணி ஐசியூவில் இருந்த நாளெல்லாம் ஸ்டெல்லா டீச்சரின் வீட்டுக்காரர் என்னை மடக்கி மடக்கிக் கேட்டார்.

"ஆயாம்மா, அன்னைக்குப் போன்ல சொன்னாங்களே, அந்தம்மாவுக்கு எந்த மருந்துதான் போச்சு?"

"சொல்லக் கூடாது சார்."

"எனக்கு மட்டும்."

"அது எதுவா இருந்தாலும் அன்னைக்கு நடந்தது நடந்துதான் இருக்கும் சார். மருந்து மேல தப்பு இல்ல."

அவர் "கரெக்ட்" என்றார். அப்புறம் கேட்கவில்லை.

ஒரு வாரம் போல் ஆன பிறகு கலைவாணி வார்டுக்குத் திரும்பி வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. என்னோடு பேசவில்லை. துணி மாற்றினால் மாற்றிக்கொள்வாள், புரட்டினால் புரள்வாள், கண்ணை மட்டும் கூரையில் வைத்துக்கொள்வாள். நான் வருத்தப்பட்டேன், ஆனால் செய்ததை மாற்றிச் செய்திருக்க மாட்டேன். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். சரியானதைச் செய்தால் நோயாளி நமக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நாலு பேர் முன்னால் அவள் பிரியத்தைப் பொய் என்று சொன்னவள் நான். அந்தக் கோபம் அவளுக்கு நியாயமானது.

ஒரு நாள் டாக்டர் பெண் சிஸ்டரோடு ரவுண்ட்ஸில் வந்தார். ஆராய்ச்சியில் இவள் இல்லை, அட்டையும் இல்லை, சும்மா பார்க்கத்தான் வந்தார். நான் அடுத்த கட்டிலில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"எப்படிம்மா இருக்கு? வலி?"

நல்லாருக்கேன் என்பாள் என்றுதான் நான் நினைத்தேன். வாய் அப்படித்தான் திறந்தது. பிறகு மூடிக்கொண்டாள். அவளே தலையணையை எடுத்து வயிற்றில் வைத்து, மெதுவாக இருமிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஆறு" என்றாள். உடனே என் பக்கம் திரும்பி, "போதுமா யக்கா?" என்றாள்.

டாக்டர் பெண் ஊசி எடுத்து வரச் சொன்னார். போட்டு முடித்த பிறகும் டாக்டர் பெண், சிஸ்டர், நான் மூன்று பேரும் அங்கேயே இருந்தோம், அடங்குகிறதா என்று பார்க்க.

அந்த ஆராய்ச்சியில் கடைசியில் எந்த மருந்து நன்றாக வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் பாஸாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். மருந்துப் பேரெல்லாம் நான் காதால் கேட்டு எழுதியது, எழுத்து தப்பாக இருக்கலாம். சர்ஜன் சொன்னதையும் எனக்குப் புரிந்தபடிதான் எழுதியிருக்கிறேன். இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் டாக்டர் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திவிட்டால் நல்லது.

இன்னொன்று. ஆறு என்று எழுதிவிட்டேன், ஏழு என்று சொன்னாளோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த சிஸ்டர் எங்கே இருந்தாலும் கேட்டுப் பார்த்துச் சரியாகப் போட்டுவிடுங்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு உண்மையைச் சொன்னவள், அதை நான் குறைத்து எழுதிவிடக் கூடாது.